துறையில்லாப் பெட்டி

வாங்கியது நான்தான்.
விலையைப் பார்த்தேன்,
பின்பக்கப் படத்தைப் பார்க்கவில்லை.

ஹூசாவிக்கில் நல்ல துறை உண்டு.
காட் மீன் இறக்கும் படகுகளுக்கு,
திமிங்கிலம் பார்க்க வருவோரின் படகுகளுக்கு,
வழக்கு முடியாமல் மூன்று வருடமாய் நனைகிற
ஒரு பச்சைப் படகுக்கும் இடம் இருக்கிறது.
நிலநடுக்க நிலையத்துப் புது சர்வருக்கு மட்டும்
துறை இல்லை.

பழையதற்கு ஒன்பது ஊசி வைத்த ஒரு வாய் இருந்தது.
கூரைமேல் ஆன்டெனா
செயற்கைக்கோள்களிடம் கேட்டு வந்ததை
நொடிக்கு ஒரு தட்டு,
விரல் நொடிப்பதுபோல்,
முதல் ஊசியில் வந்து சொல்லும்.
பதினொரு வருடம் சொன்னது.
நிலம் அசைந்தது இந்தக் கணத்தில் என்று
நாங்கள் கூசாமல் எழுதியதெல்லாம்
அந்தத் தட்டை நம்பித்தான்.

"யூஎஸ்பியில் செருகிவிடலாமே?"
ஸ்டெயின்வோர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
"தட்டினதும் திறக்கிற வீடில்லை அது.
உள்ளே இருப்பவன் அவன் முறை வரும்போது
எட்டிப் பார்த்து, யாராவது உண்டா என்பான்.
அதுவரை தட்டியவன் பனியில் நிற்கணும்.
எவ்வளவு நேரம் நின்றான்?
நின்றவனுக்குத்தான் தெரியும். அவனுக்கு வாயில்லை."

மிஞ்சிப் போனால் ஒரு மில்லிநொடி, என்றேன்.
இமை மூடித் திறப்பதற்குள்
நூறு முறை வந்து போகிற அற்பம்.

"அதற்குள் பாறையில் அதிர்வு ஆறு மீட்டர் போய்விடும்."

ஆறு மீட்டர்
என் கட்டிலுக்கும் பக்கத்து வீட்டுக் கெட்டிலின் கட்டிலுக்கும்
நடுவே இருக்கிற தூரம்.
அவன் வேலி போட்ட நாளிலிருந்து
நாங்கள் பேசுவதில்லை.

அக்குரேரியிலிருந்து பேருந்தில் ஒரு அட்டை வரவழைத்தேன்.
ஒன்பது ஊசி சரியாக இருந்தது.
உயரம் இரண்டு விரற்கிடை அதிகம்.
மூடியைத் திறந்தே வைத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை
நெட்வொர்க் அட்டையைக் கழற்றி விளக்கடியில் வைத்தாள்.
பல் டாக்டர் அர்ன்தீசிடம் கடன் வாங்கிய
உருப்பெருக்கிக் கண்ணாடி அவள் நெற்றியில்.
ஓரத்தில் நான்கு துளைகள்.
ஊசியில்லை, பெயர் அச்சிடவில்லை.
செய்தவன் எதற்கோ நினைத்து
பிறகு காசு மிச்சம் பிடித்த இடம்.
"இதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது," என்றாள்.
"தட்டு விழுந்த அந்தக் கணத்தையே குறித்துவைக்கும்.
யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.
அப்புறம் நிதானமாக வந்து படித்துக்கொள்ளலாம்."

வருவது ஐந்து வோல்ட்.
துளை தாங்குவது மூன்று சொச்சம்.
அரிசி மணியளவு இரண்டு மின்தடைகள்
வழியில் உட்கார்ந்து பங்கு பிரித்தன.
ஈயம் உருகி ஒரு பொட்டாய் நின்றது.
அவள் மூச்சுவிட்டாள்.
நானும் விட்டேன்,
எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

தலைமுடி போன்ற கம்பி, ஒரு முழம்,
மின்விசிறிக்குப் பக்கத்தில்
காற்றுக்காகக் குத்தியிருந்த ஒரு ஓட்டை வழியே வெளியே வந்தது.

இரவு பதினொன்றே முக்கால்.
திரை கறுப்பாக இருந்தது.
இருந்தது.
பிறகு ஒரு வரி.
பிறகு, மிகச் சரியாகப் பிறகு,
இன்னொன்று.

நான் கைதட்டப் போனேன். அவள் கேட்டாள்:
"ஆன்டெனா கேபிள் எத்தனை மீட்டர்?"
முப்பத்தொன்று.
மீட்டருக்கு ஐந்து நானோநொடி தாமதம்.
வானத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்துவிட்டு
கூரையிலிருந்து இறங்குவதற்கு
நூற்றைம்பத்தைந்து நானோநொடி
வட்டி கேட்கிறது.
அதையும் கழித்துவிட்டுத்தான் கோட்டை மாட்டினாள்.

விடியலில் ஒரு சின்ன நடுக்கம், ஒன்று புள்ளி நான்கு.
ஊரில் யாரும் எழவில்லை.
மற்ற நிலையங்களின் நேரத்தோடு வைத்துப் பார்த்தேன்.
கெட்டிலின் பக்கமென்று சொல்ல ஆசைதான்.
விரிகுடாவுக்கு அடியில், ஒன்பது கிலோமீட்டர் ஆழத்தில்,
எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்.

செலவுத்தாளில் எழுதினேன்:
கம்பி. மின்தடை இரண்டு.
அட்டை ஒன்று, பயன்பாட்டில் உள்ளது.

பொய்யில்லை.
வடக்குக் காற்றில் ஆடிக்கொண்டேயிருந்த ஜன்னலின் இடுக்கில்
கச்சிதமாய்ப் பொருந்தியது.